கடைசி ஸ்டேஷனுக்கு அப்பால் ராமாபுரம்

மைசூரு அரண்மனையோடு திரும்பிவிடாதீர்கள். அங்கிருந்து 61 கிலோமீட்டர் ஓடி முடிகிற ஒரு கிளைப் பாதை, அதற்கு மேல் அரசுப் பேருந்து, எல்லையோரத்தில் ஒரு சிற்றூர். தமிழ்நாட்டிலிருந்து ரயிலில் கிளம்பி நாட்டுப்புறம் பார்த்து வர ஒரு முழுத் திட்டம்.

மைசூரு ஜங்ஷனில் காலையில் வந்து இறங்கும் தமிழ்நாட்டுப் பயணிகள் பெரும்பாலும் நேராக வெளியே வந்து ஆட்டோ பேசுகிறார்கள். அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சி சாலை, மாலையில் பிருந்தாவனம். மறுநாள் ஊட்டி, இல்லையென்றால் குடகு. இரண்டு தலைமுறையாக மாறாத பட்டியல் இது. அதே ஸ்டேஷனிலிருந்து சாமராஜநகருக்கு ஒரு பாசஞ்சர் ரயில் கிளம்புகிறது. காய்கறிக் கூடையோடு திரும்பும் வியாபாரிகளும், கல்லூரிப் பிள்ளைகளும், கோயிலுக்குப் போகிற குடும்பங்களும் அதில் ஏறுகிறார்கள். சுற்றுலா வந்தவர்களை அதில் பார்ப்பது அரிது.

அந்த ரயிலில் ஏறி, கடைசி ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்து ராமாபுரம் வரை போய்ப் பாருங்கள் என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ராமாபுரத்துக்கு ரயில் கிடையாது. சாமராஜநகர் மாவட்டம், ஹனூர் வட்டத்தில், காடு சூழ்ந்த எல்லையோர ஊர் அது. 1956 அக்டோபர் முடிய அந்தப் பகுதி முழுவதும் கொள்ளேகால் தாலுகாவாக, நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது மைசூரு மாநிலத்துக்குப் போனது. மைசூரு மாவட்டத்தோடு நாற்பது வருடம் இருந்து, 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதில் சேர்ந்தது. மாவட்டம் மாறி, மாநிலம் மாறி, ஊர் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. சந்தையில் கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் பூமி அது. நம்மில் பலருக்கு அந்த ஊரின் பெயர் தெரிந்தது ஒரே ஒரு செய்தியால். அதற்குப் பிறகு வருகிறேன்.

இடத்தை அல்ல, தடத்தை எடுங்கள்

ஊர்ப்புறப் பயணம் திட்டமிடுகிறவர்கள் வழக்கமாக முதலில் பார்க்க வேண்டிய இடங்களை எழுதுகிறார்கள். அப்புறம் அவற்றை இணைக்க வண்டி தேடுகிறார்கள். ஒரு மூலையில் அருவி, இன்னொரு மூலையில் கோயில், நடுவே நூறு கிலோமீட்டர். வாடகைக் கார் இல்லாமல் அந்தப் பட்டியல் நடக்காது. கார் வந்துவிட்டால் வழியில் இருக்கும் ஊர்களெல்லாம் கண்ணாடிக்கு வெளியே ஓடிப்போகும்.

ரயிலில் போவதென்றால் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் ஒரு கிளைப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எந்தெந்த ஸ்டேஷன் இருக்கிறது, எந்த ஸ்டேஷன் ஊருக்குள்ளேயே இருக்கிறது, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். பார்க்கிற இடங்களை அந்த வரிசையே முடிவு செய்யட்டும். பாதை முடிகிற இடத்திலிருந்து எந்தப் பக்கம் பஸ் போகிறதோ அதுதான் பயணத்தின் இரண்டாம் பாதி.

மைசூரு - சாமராஜநகர் பாதை இதற்கு ஏற்றது. சாமராஜபுரம், அசோகபுரம் என்று நகரத்துக்குள்ளேயே இரண்டு நிறுத்தம். பிறகு கடகொளா, தாண்டவபுரா, சுஜாதாபுரம், நஞ்சன்கூடு டவுன். அதற்கப்பால் நரசாம்புதி, கவலந்தே, பதனகுப்பே, மரியால கங்கவாடி. கடைசியில் சாமராஜநகர். முழுக்கப் போனாலும் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். டிக்கெட் விலை ஒரு டிபன் செலவுக்குள் அடங்கிவிடும்.

மைசூரு வரை

தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்த சில வருடங்களில், 1882-ல், பெங்களூரிலிருந்து மீட்டர் கேஜ் பாதை மைசூருவை எட்டியது. இன்று தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்து அங்கே நேரடி ரயில் உண்டு. சென்னையிலிருந்து இரவில் காவேரி எக்ஸ்பிரஸ் கிளம்புகிறது. தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் 2022 நவம்பரில் ஓடத் தொடங்கியதும் சென்னை - மைசூரு தடத்தில்தான். தூத்துக்குடியிலிருந்து வரும் எக்ஸ்பிரஸ் மதுரை, திண்டுக்கல், கரூர், சேலம், தருமபுரி, ஓசூர் வழியாக மைசூரு சேர்கிறது. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சிக்காரர்களுக்கும் மைசூரு ரயில் இருக்கிறது. காட்பாடி, ஜோலார்பேட்டை பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு வசதி: திருப்பதி - சாமராஜநகர் எக்ஸ்பிரஸ் அந்த வழியாக வந்து, மைசூருவையும் தாண்டி, கடைசி ஸ்டேஷனிலேயே கொண்டுபோய் விடுகிறது.

பெங்களூருக்கும் மைசூருவுக்கும் நடுவே பகல் வெளிச்சம் கிடைத்தால் ஜன்னலோரம் உட்காருங்கள். ராமநகரத்தின் பாறைக் குன்றுகள், மரப்பொம்மைக்குப் பேர்போன சன்னபட்டணா, அதன் பிறகு மத்தூர். மத்தூர் வடை அந்த ஊர் ஸ்டேஷனில் பிறந்த பண்டம். தட்டையாக, மொறுமொறுவென்று, வெங்காய வாசனையோடு இருக்கும். கரும்பும் நெல்லுமாக மாண்டியா கடந்தால் ஸ்ரீரங்கப்பட்டணம். அங்கே இரட்டைப் பாதை போட திப்பு சுல்தான் காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்று குறுக்கே நின்றது. சுமார் ஆயிரம் டன் எடையுள்ள அந்தக் கட்டடத்தை இடிக்காமல் அப்படியே பெயர்த்து, 2017-ல் நூறு மீட்டருக்கும் அதிகமாக நகர்த்தி வைத்தார்கள். ரயிலும் வரலாறும் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டால் இரண்டையும் காப்பாற்ற வழி உண்டு என்பதற்கு அது சாட்சி.

மைசூருவில் அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்தால் ஸ்டேஷனுக்கு அருகிலேயே ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1979-ல் தொடங்கியது. மகாராணி பயணம் செய்த சலூன் பெட்டியை அங்கே பார்க்கலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் விட்டுவிட வேண்டாம்.

நஞ்சன்கூடு: பல்பொடிக்கு மேலும் ஒரு ஊர்

நஞ்சன்கூடு என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பல்பொடி ஞாபகம் வரும். ரோஸ் நிறத்தில், காகிதப் பொட்டலத்தில் வந்த அந்தப் பொடிக்குப் பெயர் கொடுத்த ஊர் மைசூருவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது. ரயில் அங்கே வந்தது 1891-ல்.

ரயில் கபினி ஆற்றைக் கடக்கும் இடத்தில் பழைய பாலத்தைத் தேடிப் பாருங்கள். 1735-ல், தளவாய் தேவராஜன் காலத்தில், கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியது. ரயில் என்ற ஒன்றை உலகம் காண்பதற்கு வெகு முன்பே கட்டிய அந்தப் பாலத்தின் மேல்தான் மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. ஒரு பக்கம் சாலை, ஒரு பக்கம் தண்டவாளம். 2008-ல் அகலப் பாதை வந்தபோது ரயிலுக்குப் புதுப் பாலம் அமைந்தது.

ஆறும் நமக்குத் தெரிந்ததுதான். ஆடி பிறந்தால் தமிழ்நாட்டுச் செய்திகளில் தவறாமல் வருகிற பெயர் கபினி. எத்தனை கனஅடி திறந்தார்கள் என்று டெல்டா விவசாயி காது கொடுத்துக் கேட்கிறாரே, அந்தத் தண்ணீர் அணையிலிருந்து இறங்கி இந்தப் பாலத்துக்குக் கீழே ஓடித்தான் திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியில் கலக்கிறது. வெள்ளம் பெருகினால் நஞ்சன்கூட்டின் கரைதான் முதலில் மூழ்கும். செய்தியில் எண்ணாகக் கேட்ட தண்ணீரை ஆறாகப் பார்ப்பதற்காகவே இங்கே இறங்கலாம்.

ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில் பெரியது. நிதானமாகச் சுற்ற வேண்டியது. பிரகாரத்தில் நம் அறுபத்து மூவரின் திருமேனிகள் வரிசையாக இருக்கின்றன. தமிழ் மண்ணில் பிறந்த அடியார்கள் கபினிக் கரையிலும் அன்றாட பூஜை பெறுகிறார்கள் என்பது, மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தனி நிறைவு தரும். திப்புவின் யானைக்குக் கண் நோய் வந்து, இங்கே வேண்டிக்கொண்ட பின் குணமானதாகவும், நன்றியாக அவர் பச்சைக்கல் லிங்கம் கொடுத்ததாகவும் ஊரார் சொல்கிறார்கள். ஹக்கீம் நஞ்சுண்டன் என்று அவர் சுவாமிக்குப் பெயரிட்டார் என்பதும் அவர்கள் சொல்லும் கதைதான். பங்குனியை ஒட்டி வரும் பெரிய தேரோட்டத்தில் ஐந்து தேர்கள் ஓடும். கூட்டம் பிடிக்கும் என்றால் அப்போது வாருங்கள். பிடிக்காது என்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள்.

கோயில் தெருவில் ரசபாளெ வாழைப்பழம் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். புவிசார் குறியீடு பெற்ற பழம். வாடல் நோய் தாக்கி நஞ்சன்கூடு வட்டாரத்தில் அதன் சாகுபடி மிகவும் சுருங்கிவிட்டது. நல்ல விலை கொடுத்து வாங்க ஆள் இருந்தால்தான் மிச்சமிருக்கும் தோட்டங்கள் நிலைக்கும்.

பதனவாளு வழியாக சாமராஜநகர்

நஞ்சன்கூட்டுக்குத் தெற்கே மண் சிவக்கிறது. மானாவாரி நிலமும் இடையிடையே கிணற்றுப் பாசன மஞ்சளும் வாழையுமாகக் காட்சி மாறும். இந்த வழியில்தான் பதனவாளு இருக்கிறது. 1920-களின் இறுதியில் கதர் மையம் உருவாகி, காந்தி வந்து பார்த்த கிராமம். கைத்தொழிலையும் கிராமப் பொருளாதாரத்தையும் காக்க வேண்டும் என்று நாடகக் கலைஞர் பிரசன்னா 2015-ல் சத்தியாகிரகம் நடத்தியதும் இங்கேதான். நூற்பு மையம் எப்போது திறந்திருக்கும் என்று நஞ்சன்கூட்டிலேயே விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

சாமராஜநகருக்கு ரயில் வந்தது 1926-ல். நூறு வருடம் ஆகிறது, பாதை அதற்கு மேல் ஒரு மைல்கூட நீளவில்லை. சத்தியமங்கலம் வழியாகத் தமிழ்நாட்டோடு இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக இருக்கிறது. நடுவே இருப்பது யானைகளும் புலிகளும் வாழும் காடு. 2013-ல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகமும் அறிவிக்கப்பட்டது. அந்தக் காட்டைக் கீறித் தண்டவாளம் போடாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ரயில் நிற்கிற இடத்தில் நின்று, மீதி தூரத்தைப் பஸ்ஸில் போவதால் நமக்கு ஒரு குறையும் இல்லை.

ஊருக்குள் சாமராஜேஸ்வரர் கோயில் இருக்கிறது. இந்த ஊரில் பிறந்த தன் தந்தை சாமராஜ உடையாரின் நினைவாக மும்மடி கிருஷ்ணராஜ உடையார் கட்டியது. ஊரின் பெயரும் அவர் பெயர்தான். இங்கிருந்து தெற்கே சாலையில் போனால் தமிழ்நாட்டுத் தாளவாடி. ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த அந்த மலைப்பகுதியில் கன்னடம் பேசுகிறவர்கள் நிறைய. கன்னட நடிகர் ராஜ்குமாரின் சொந்த ஊரான காஜனூர் அங்கேதான் இருக்கிறது. கிழக்கே போனால் தமிழ் புழங்கும் ராமாபுரம், கர்நாடகத்தில். 1956-ல் வரைபடத்தில் கோடு போட்டவர்கள் எவ்வளவு முயன்றாலும் மனிதர்களை மொழிவாரியாகப் பிரித்து வைக்க முடியவில்லை. இந்த இரண்டு ஊர்களையும் பார்த்தவர்களுக்கு அது நன்றாக விளங்கும்.

தண்டவாளம் முடிந்த பிறகு

சாமராஜநகரிலிருந்து கொள்ளேகாலுக்கு சுமார் 40 கிலோமீட்டர். பஸ் அடிக்கடி இருக்கும். கொள்ளேகால் என்றதும் மாந்திரீகம் என்று சொல்வது நம் பேச்சிலும் சினிமாவிலும் ஊறிப்போன வழக்கம். போய்ப் பார்த்தால் கண்ணில் படுவது பட்டு. தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெசவை நம்பி வாழும் ஊர் அது. தங்கும் விடுதிகள் இருப்பதால் இரவுக்கு இதையே வைத்துக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் ககனசுக்கி, பரசுக்கி அருவிகள் பக்கம்தான். 1902-ல் அந்தச் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் போனது. தங்கவயல் சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும் பங்கினர் வட ஆர்க்காட்டிலிருந்து போன தமிழர்கள்.

கொள்ளேகாலிலிருந்து ஹனூர், அங்கிருந்து ராமாபுரம். இந்தத் துண்டில் பஸ் குறைவு. காலையில் முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடித்துவிட்டால் அன்றைய பொழுது உங்கள் கையில். இரு பக்கமும் ராகியும் சோளமும், தொலைவில் காட்டு மலைகளின் வரிசை. பஸ்ஸில் இந்தி தேவைப்படாது, ஆங்கிலமும் தேவைப்படாது. தமிழில் கேட்டால் யாராவது ஒருவர் தமிழிலேயே பதில் சொல்வார்.

இப்போது அந்தச் செய்திக்கு வருகிறேன். 1992-ல் ராமாபுரம் போலீஸ் ஸ்டேஷனை வீரப்பன் கும்பல் தாக்கியது. ஐந்து போலீஸார் கொல்லப்பட்டார்கள். 1993-ல் பாலாறு கண்ணிவெடி, 2000-ல் ராஜ்குமார் கடத்தல், 2004-ல் வீரப்பன் முடிவு. இந்த வருடங்களில் ஒரு பக்கம் துப்பாக்கி, இன்னொரு பக்கம் விசாரணை என்று நடுவில் சிக்கிக்கொண்டு மிகவும் துன்பப்பட்டவர்கள் எல்லையோர ஊர்க்காரர்கள். அதற்குப் பிறகு ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்துவிட்டது. இன்னும் அந்தப் பக்கம் போகிறவர்கள் வீரப்பன் கதையைத்தான் கிளறுகிறார்கள். தயவுசெய்து அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். யாராவது தாமாகச் சொன்னால் மரியாதையோடு கேளுங்கள். மழை எப்படி, ராகி எப்படி, யானை வயலுக்குள் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். இன்றைய ராமாபுரத்தின் கவலைகள் அவை.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், கோட்டையோ அருவியோ என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு கடைத்தெரு, டீக்கடை பெஞ்ச், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், இரண்டு மொழியில் நடக்கும் பேரம். ராகிக் களி உருண்டையும் குழம்பும் கிடைத்தால் சாப்பிடுங்கள். ஒரு பகல் பொழுதை அவசரமில்லாமல் அங்கே கழிக்க முடிகிறவர்களுக்கு அந்த ஊர் தன்னைக் காட்டும். இதே வட்டத்தில் ஒடெயர்பாளையாவில் 1970-களிலிருந்து திபெத்திய அகதிகள் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. நாட்டை இழந்து வந்தவர்கள் சோளம் விதைத்து வேரூன்றிய இடம்.

திரும்பும் வழி

வந்த வழியே திரும்பத் தேவையில்லை. ஹனூர் வட்டத்திலேயே மாதேஸ்வரன் மலை இருக்கிறது. சேலம், தருமபுரி, ஈரோடு மாவட்டங்களில் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். கோயில் நிர்வாகத்தின் தங்கும் அறைகள் உண்டு. தீபாவளி, சிவராத்திரி, உகாதி நாட்களில் கூட்டம் அலைமோதும். மலையிலிருந்து பாலாறு வழியாக மேட்டூருக்குப் பஸ் இறங்குகிறது. நஞ்சன்கூட்டுப் பாலத்தடியில் பார்த்த தண்ணீர், சிவசமுத்திரமும் ஒகேனக்கலும் கடந்து மேட்டூர் அணையில் வந்து தேங்கியிருக்கும். அங்கிருந்து சேலம். சேலத்தில் எந்தத் திசைக்கும் ரயில் கிடைக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ராமாபுரத்திலிருந்து கரிகேகண்டி, பர்கூர் மலை வழியாக அந்தியூர் இறங்கி ஈரோட்டில் ரயில் பிடிக்கலாம். செம்மையும் வெள்ளையும் கலந்த பர்கூர் மாடுகளின் சொந்த மலை அது. பஸ் மிகக் குறைவு என்பதால், ராமாபுரத்தில் விசாரித்து உறுதி செய்த பிறகே இந்த வழியை எடுங்கள்.

நான்கு நாள் திட்டம்

முதல் நாள்: இரவு ரயிலில் வந்து காலையில் மைசூரு. ரயில் அருங்காட்சியகம். மதியத்துக்கு மேல் நஞ்சன்கூடு. அங்கேயே இரவு.

இரண்டாம் நாள்: அதிகாலை கபினிக் கரை, கோயில். ரயிலில் சாமராஜநகர். மாலை பஸ்ஸில் கொள்ளேகால், இரவுத் தங்கல்.

மூன்றாம் நாள்: முதல் பஸ்களில் ஹனூர் வழியாக ராமாபுரம். பிற்பகலில் ஹனூர் பக்கம் திரும்பி, வெளிச்சம் இருக்கும்போதே மாதேஸ்வரன் மலை. அங்கே இரவு.

நான்காம் நாள்: காலைத் தரிசனம். பாலாறு, மேட்டூர் வழியாகச் சேலம். இரவு ரயிலில் ஊர்.

ஐந்தாவது நாள் கிடைத்தால் அதை சாமராஜநகரில் கூட்டி, பிலிகிரிரங்கன் மலைக்குப் போய் வாருங்கள். சோலிகர் பழங்குடியினர் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே வன உரிமையை நிலைநாட்டிய மலை அது.

கிளம்பும் முன்

எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. 2024 அக்டோபர் முடிய 120 நாளாக இருந்தது. போகிற டிக்கெட்டையும், சேலத்திலிருந்து திரும்பும் டிக்கெட்டையும் மட்டும் முன்பதிவு செய்யுங்கள். நடுவில் உள்ளதை விட்டுவைப்பதுதான் இந்தப் பயணத்தின் சௌகரியம்.

பாசஞ்சர் ரயிலுக்குக் கவுன்டரிலோ மொபைல் செயலியிலோ முன்பதிவில்லா டிக்கெட் போதும். 199 கிலோமீட்டருக்கு உட்பட்ட அந்த டிக்கெட்டில், வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள் அல்லது அந்த ஊருக்குக் கிளம்பும் முதல் ரயிலுக்குள், எது பிந்தியதோ அதற்குள் பயணத்தைத் தொடங்கியாக வேண்டும். நடுவில் இறங்கி மறுநாள் அதே டிக்கெட்டில் தொடர முடியாது. ஆகவே மைசூருவில் சாமராஜநகருக்கு மொத்தமாக எடுத்துவிட்டு நஞ்சன்கூட்டில் இறங்காதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனி டிக்கெட் எடுங்கள்.

கிளைப் பாதையில் ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்குச் சில மணி நேரம் ஆகலாம். கால அட்டவணையைக் கிளம்பும் வாரத்தில் மீண்டும் சரிபாருங்கள். கர்நாடக அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாத சக்தி திட்டம் 2023 ஜூனிலிருந்து அமலில் இருந்தாலும், அது அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும். நம் ஊர்ப் பெண்கள் டிக்கெட் எடுக்க வேண்டும்.

காட்டுச் சாலைகளில் இருட்டிய பிறகு பயணம் வேண்டாம். அது யானைகளின் நேரம். பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் மலையில் விட்டுவர வேண்டாம். மழை ஓய்ந்த மார்கழியிலிருந்து மாசி வரை இந்தப் பயணத்துக்கு நல்ல பருவம்.

யார் செய்ய வேண்டியது என்ன

இப்படி ஒரு பயணத்தை யாரும் எளிதாகத் திட்டமிட முடியாமல் இருப்பதற்குத் தூரமோ செலவோ காரணம் இல்லை. ரயில் நேரம் ஒரு இடத்தில், கர்நாடக பஸ் நேரம் இன்னொரு இடத்தில், மேட்டூர் பக்கம் தமிழ்நாட்டு பஸ் நேரம் வேறொரு இடத்தில். சாமராஜநகர் ஸ்டேஷன் வாசலில், வந்து நிற்கும் ஒவ்வொரு ரயிலுக்கும் அடுத்து எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பலகை வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? ரயில்வேயும் இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் ஒரு முறை உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம். சுற்றுலாப் பயணிகளைவிட, மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் சந்தைக்கும் தினமும் போய் வரும் ராமாபுரத்து மக்களுக்கு அதனால் நன்மை அதிகம்.

நம் பங்கும் ஒன்று இருக்கிறது. ஒரு பாசஞ்சர் ரயில் நிலைப்பதும் நிற்பதும் அதில் எத்தனை டிக்கெட் விற்கிறது என்பதைப் பொறுத்தது. வருடத்துக்கு ஒரு விடுமுறையையாவது இதுபோன்ற ஒரு கிளைப் பாதைக்குக் கொடுங்கள். சாமராஜநகர் உங்களுக்குத் தொலைவு என்றால் உங்கள் மாவட்டத்திலேயே ஒன்று இருக்கும். அதன் கடைசி ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுங்கள். இறங்கியதும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, நீங்கள் பெயர் கேட்டிராத ஊருக்குப் போகும் வண்டியில் ஏறிப் பாருங்கள்.